ஜெனித் பலூன், 1875: தலைக்கு மேல் தொங்கிய ஆக்சிஜன் ரத்தத்தை எட்டாதது ஏன்?

1875 ஏப்ரல் 15 அன்று முற்பகல் 11.35 மணிக்கு, பாரிஸின் லா வில்லெத் எரிவாயு ஆலையிலிருந்து ஜெனித் என்ற பலூன் மூன்று பேரைச் சுமந்துகொண்டு மேலெழுந்தது. மாலை நான்கு மணியளவில் பிரான்சின் நடுப்பகுதியில், ஆந்த்ர் மாவட்டத்துச் சீரோன் கிராமத்தருகே அது தரையைத் தொட்டபோது, கூடையில் இருவர் இறந்து கிடந்தனர். பலூன் கிழியவில்லை, தீப்பிடிக்கவில்லை, எவரும் தவறி விழவும் இல்லை. ஆக்சிஜன் கலந்த காற்று நிரப்பிய மூன்று சிறு பைகள் அவர்களின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் குழாயை வாயில் வைத்துக்கொள்வது மட்டுமே அவர்கள் செய்ய வேண்டியிருந்தது. அதைச் செய்ய முடியாமல் போனதற்கான காரணம் பலூனில் இல்லை, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் முறையில் இருக்கிறது. இந்த ஆய்வு அந்தக் காரணத்தையே தொடர்கிறது.

மூவரும் அவர்களது ஏற்பாடும்

கஸ்தோன் திசாந்தியே, ஜோசப் குரோசே-ஸ்பினெல்லி, தியோடோர் சிவெல் ஆகிய மூவரும் பறப்பதில் அனுபவம் உள்ளவர்கள். மார்ச் 23, 24 தேதிகளில் இதே ஜெனித்தில் ஒரு நீண்ட நேரப் பயணத்தை முடித்திருந்தனர். குரோசே-ஸ்பினெல்லிக்கும் சிவெலுக்கும் உயரத்தின் அபாயம் புதிதன்று. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் இருவரும் உடலியல் அறிஞர் போல் பேரின் ஆய்வுக்கூடத்தில், காற்றழுத்தத்தைக் குறைக்கக்கூடிய இரும்பு அறைக்குள் அமர்ந்து, கண் மங்குவதையும் ஆக்சிஜனை உறிஞ்சியவுடன் அது தெளிவதையும் தாங்களே கண்டனர். சில நாட்களில் மற்றொரு பலூனில் ஏறத்தாழ 7,300 மீட்டர் உயரம் வரை சென்று திரும்பினர். போல் பேரும் அதே அறையில் ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டே அழுத்தத்தை 248 மி.மீ. பாதரசம் வரை இறக்கிப் பார்த்தார். எவரெஸ்ட் உச்சியின் அழுத்தம் ஏறக்குறைய இதுதான்.

ஆகவே இவர்களை அறியாமை கொன்றது என்று சொல்லிவிட முடியாது. உயரத்தில் ஆபத்து விளைவிப்பது காற்றின் மெலிவு அன்று, அதிலுள்ள ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்தக் காற்றழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) குறைவதே என்று போல் பேர் காட்டியிருந்ததை அன்றைய உலகில் வேறு எவரையும்விட இவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

புறப்பாட்டுக்குச் சற்று முன்னர் போல் பேர் பாரிஸில் இல்லை. எடுத்துச் செல்லும் பைகளின் அளவைக் கேள்விப்பட்டு, மிக உயரத்தில் மூவருக்கும் சேர்த்து நிமிடத்துக்குக் குறைந்தது 20 லிட்டர் தேவைப்படும், இந்த இருப்பு விரைவில் தீர்ந்துவிடும் என்று கடிதம் எழுதினார். பெரிய பைகள் செய்ய அவகாசம் இல்லாத நேரத்தில்தான் அந்த எச்சரிக்கை வந்து சேர்ந்தது. எனவே இருப்பதைச் சிக்கனமாக, தேவைப்படும்போது மட்டும் பயன்படுத்துவது என்ற எண்ணத்துடன் மூவரும் புறப்பட்டதாகத் தெரிகிறது. என் பார்வையில் இந்த வழக்கின் மையம் இந்த ஒரு முடிவுதான். கேட்பதற்கு இதைவிட விவேகமான முடிவு இருக்க முடியாது. ரத்தத்தின் இயல்புக்கோ இதைவிட முரணான முடிவு இல்லை.

மேலே நடந்தவை

பகல் ஒரு மணி கடந்தபோது பலூன் 7,000 மீட்டர் உயரத்தை எட்டிக்கொண்டிருந்தது. 1.20 மணியளவில் திசாந்தியே ஆக்சிஜன் கலவையை உறிஞ்சினார்; தளர்ந்த உடல் உயிர்பெற்றதைத் தெளிவாக உணர்ந்தார். ஆனால் அவரது குறிப்பேட்டின் அந்த நேரத்து வரிகள் வேறொன்றைச் சொல்கின்றன. கைகள் உறைந்துவிட்டன என்று எழுதுகிறார். அடுத்து, நான் நலம், நாங்கள் நலம் என்கிறார். குரோசே மூச்சிரைக்கிறார், சிவெல் கண்களை மூடுகிறார், குரோசேயும் மூடுகிறார் என்று வரிகள் துண்டு துண்டாக நீள்கின்றன. சிவெல் எடையை வீசுகிறார் என்ற சொற்கள் இருமுறை வருகின்றன. கடைசிச் சொற்களைப் படிப்பதே கடினம். மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறைவதை ஒரு மனிதனின் கையெழுத்திலேயே வரி வரியாகப் பார்க்கக் கிடைப்பது அரிது.

அழுத்தம் 300 மி.மீ. என்று இருந்தபோது, மணல் மூட்டைகளை அவிழ்த்து இன்னும் மேலே போகலாமா என்று சிவெல் கேட்டார். திசாந்தியே விருப்பம்போல் செய்யச் சொன்னார், குரோசே தலையசைத்தார். சிவெல் மூன்று மூட்டைகளை அறுத்துவிட்டார். இறங்குவதற்கான நேரம் அது. அறிவு தெளிந்திருந்த மூவர் அந்த இடத்தில் ஏறச் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

சிறிது நேரத்தில் திசாந்தியேவால் தலையைத் திருப்பக்கூட முடியவில்லை. குழாயை எட்டிப் பிடிக்க நினைத்தார், கை எழவில்லை. அழுத்தமானி 290-ஐக் கடந்து 280-ஐ நெருங்குவதைப் பார்த்து, 8,000 மீட்டரை எட்டிவிட்டோம் என்று கத்த முயன்றார், நாக்கு அசையவில்லை. 1.30 மணியளவில் நினைவிழந்தார். 2.08 மணிக்கு விழித்தபோது பலூன் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அழுத்தம் 315 மி.மீ., வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 8 பாகை, தோழர்கள் இருவரும் இன்னும் மயக்கத்தில் என்று எழுதிவைத்தார். பின்னர் விழித்த குரோசே, இறங்கும் வேகத்தைக் குறைக்க எண்ணி, கூடையிலிருந்த கனமான காற்றுறிஞ்சும் கருவியையும் எடைகளையும் வெளியே தள்ளினார். பலூன் மீண்டும் மேலே பாய்ந்தது. 3.30 மணியளவில் திசாந்தியே இரண்டாம் முறை விழித்தபோது இருவரும் முகம் கறுத்து, வாயில் ரத்தம் வழிய, உயிரற்றுக் கிடந்தனர். அன்றைய உச்ச உயரம் 8,600 மீட்டர் வரை என்று கருவிகளைக் கொண்டு பின்னர் கணிக்கப்பட்டது.

ரத்தம் எவ்வளவு சுமக்கிறது, எவ்வளவு சேமிக்கிறது

ஆக்சிஜன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். கடல்மட்டத்தில் 100 மி.லி. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருப்பது 0.3 மி.லி. மட்டுமே. ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தைச் செலுத்துகிறது. கரைந்த ஆக்சிஜனை மட்டும் நம்பினால் அதன் மூலம் 15 மி.லி. கிடைக்கும், உடலுக்கோ ஓய்வில் படுத்திருக்கும்போதே 250 மி.லி. வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 15 கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் 1.34 மி.லி. ஆக்சிஜனைப் பிடிக்கிறது, ஆகவே 100 மி.லி.க்கு 20 மி.லி., நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் ஆக்சிஜன் உடல் முழுவதும் போகிறது. அதில் கால் பங்கு திசுக்களில் இறங்குகிறது. முக்கால் பங்கு சிரைகள் வழியே இதயத்துக்குத் திரும்பி வருகிறது.

திரும்பி வரும் அந்த முக்கால் பங்கைப் பெரிய சேமிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. நுரையீரல் காற்று, ரத்தம், தசை எல்லாவற்றையும் சேர்த்தாலும் உடலில் உள்ள மொத்த ஆக்சிஜன் சுமார் ஒன்றரை லிட்டர்தான். உணவுக்குக் கொழுப்பு என்ற கிடங்கு உண்டு. ஆக்சிஜனுக்கு அப்படியொரு கிடங்கே கிடையாது.

அடுத்தது, ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கும் விதம். ஒரு மூலக்கூறில் நான்கு புரதச் சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு அணு, அந்த இரும்பில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. முதல் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ளும்போது இரும்பு சற்று நகர்ந்து புரதத்தின் வடிவத்தையே மாற்றுகிறது. அதனால் அடுத்தடுத்த ஆக்சிஜன்கள் எளிதாக ஒட்டுகின்றன. மாக்ஸ் பெரூட்ஸ் பல பத்தாண்டுகள் உழைத்து இதை அணு அளவில் காட்டினார். 1962-இல் நோபல் பரிசும் பெற்றார். இந்த ஒத்துழைப்பின் விளைவாக, ஆக்சிஜனின் அழுத்தத்துக்கு எதிராக ஹீமோகுளோபின் நிறையும் அளவை வரைந்தால் நேர்கோடு கிடைப்பதில்லை. கீழே செங்குத்தாக ஏறி, மேலே சமதளமாக ஓடும் வளைவு கிடைக்கிறது. டென்மார்க்கின் உடலியல் அறிஞர் கிறிஸ்டியான் போர் 1904-இல் தம் துணைவர்களுடன் இதைத் துல்லியமாக வெளியிட்டார்.

ஜெனித்தின் கதையை இந்த வளைவின் மீது வைத்துப் பார்க்கலாம். ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ. இருக்கும்போது ஹீமோகுளோபின் 97 சதவீதத்துக்கு மேல் நிறைந்திருக்கும். அழுத்தம் 60-க்கு இறங்கினாலும் நிறைவு 90 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அழுத்தத்தில் நாற்பது சதவீதம் போய்விட்டது. ரத்தமோ ஏறக்குறைய நிறைந்த சுமையுடனேயே ஓடுகிறது. சமவெளியில் பிறந்தவர் மலைவாசத் தலங்களுக்குச் சென்று சிரமமின்றி நடமாட முடிவது இந்தச் சமதளத்தால்தான். ஆனால் 40-இல் நிறைவு 75 சதவீதம், 27-இல் பாதி, 20-இல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்துவிடும். சமதளத்தில் நிற்கும்வரை எத்தனை ஆயிரம் மீட்டர் ஏறினாலும் பெரிதாகத் தெரியாது; விளிம்பைக் கடந்தபின் ஒவ்வொரு நூறு மீட்டரும் ரத்தத்தின் சுமையைப் பறிக்கும்.

திசாந்தியே கடைசியாகப் பார்த்த 280 மி.மீ. என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். மூச்சுக்குழாயில் நுழையும் காற்று உடல் வெப்பத்தில் நீராவியால் நிறைகிறது. அந்த நீராவி எந்த உயரத்திலும் 47 மி.மீ. அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். மீதியில் 21 சதவீதம் ஆக்சிஜன். கடல்மட்டத்தில் இது 150 மி.மீ.; ஜெனித்தின் கூடையில் 49. நுரையீரலின் காற்றறைகளில் கார்பன் டை ஆக்சைடும் இடம் பிடிப்பதால், மூவரும் எவ்வளவு வேகமாக மூச்சுவிட்டிருந்தாலும் அங்கே 20 முதல் 25 மி.மீ. மட்டுமே எஞ்சியிருக்கும். அவர்களின் ரத்தத்தை யாரும் அளக்கவில்லை. ஆனால் வளைவின்படி ஹீமோகுளோபினில் பாதி இடங்கள்கூட நிறைந்திருக்க வாய்ப்பு குறைவு. உடல் எடையில் இரண்டு சதவீதமே இருந்துகொண்டு, ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்கும் மூளைக்கு அது போதாது.

வேகமான மூச்சுக்கும் ஒரு விலை உண்டு. அது கார்பன் டை ஆக்சைடை அளவுக்கு மீறி வெளியேற்றுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அந்த நிலையில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடிக்கிறது. நுரையீரலில் அது ஆதாயம், திசுக்களில் நட்டம். அத்துடன் கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்களும் சுருங்குகின்றன.

ஏன் அவர்கள் உணரவில்லை

மூச்சை அடக்கினால் சில நொடிகளில் எழும் தாங்கமுடியாத தவிப்பு ஆக்சிஜன் குறைவால் வருவதன்று. பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருவது. பலூனில் மூச்சு தடையின்றிப் போய்வந்தது. கார்பன் டை ஆக்சைடு சேரவே இல்லை, குறைந்துகொண்டிருந்தது. கழுத்துத் தமனிகளின் அருகே ஆக்சிஜன் அளவைக் கவனிக்கும் சிறு உறுப்புகள் இருக்கின்றன. கோர்னெய் ஹேமான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவற்றின் பணியை விளக்கியதற்காகவே கிடைத்தது. அவை மூச்சை விரைவுபடுத்தும். ஆனால் ஆபத்து என்று மனத்துக்கு உரக்கச் சொல்லும் வேலை அவற்றுக்கு இல்லை. திசாந்தியே பின்னர் எழுதியதில் வலியோ அச்சமோ இல்லை. ஒளி வெள்ளத்தில் மூழ்கியது போன்ற உள்மகிழ்ச்சி, எதிலும் அக்கறையின்மை, மேலே போவதில் ஓர் ஆனந்தம் ஆகியவையே உள்ளன.

ஆக, தேவைப்படும்போது உறிஞ்சலாம் என்ற ஏற்பாடு மூன்று இடங்களில் உடைகிறது. தேவையை உணர்த்தும் உணர்வு வரவில்லை. தேவையை முடிவு செய்ய வேண்டிய மூளையே முதலில் பழுதானது. முடிவு செய்த பின்னரும் குழாயை எடுக்க வேண்டிய கை எழவில்லை. இன்றைய விமானப் பயிற்சியில், 7,600 மீட்டர் உயரத்தில் திடீரென ஆக்சிஜன் அற்றுப்போனால் பயனுள்ள செயலைச் செய்ய மூன்று முதல் ஐந்து நிமிடங்களே உண்டு என்று கற்பிக்கிறார்கள். அதற்கு மேல் அந்த அவகாசம் வேகமாகச் சுருங்கும்.

நிலக்கரி வாயுவையும் ஒரு துணைக் காரணமாக எண்ணிப் பார்க்கலாம். அக்காலப் பலூன்களை நிரப்பிய அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக ஹீமோகுளோபினைப் பற்றும். உயரும்போது விரியும் வாயு பலூனின் கழுத்து வழியே கூடைக்கு மேல் வெளியேறுவதும் இயல்பு. ஆயினும் மரணத்தை விளக்க இது தேவைப்படவில்லை. உயரமே போதுமானதாக இருந்தது.

ஒரு மிடறு ஆக்சிஜனால் ஆன பயன்

பைகளில் இருந்த கலவையில் ஆக்சிஜன் ஏறத்தாழ 70 சதவீதம். மேலே போட்ட கணக்கை இதற்கும் போட்டால் வியப்பான விடை கிடைக்கிறது. 8,600 மீட்டரில் அழுத்தம் ஏறத்தாழ 262 மி.மீ.; நீராவியைக் கழித்தால் 215; அதில் 70 சதவீதம் 150. கடல்மட்டத்தில் நாம் உள்ளிழுக்கும் அதே அளவு! அந்தக் கலவையை மட்டும் இடைவிடாமல் சுவாசித்திருந்தால், இருப்பு தீரும்வரை, அவர்களின் நுரையீரலுக்குத் தாங்கள் பாரிஸ் தெருவில் நிற்பதாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் இடையிடையே உறிஞ்சுவது வேறு விஷயம். கலவையை உறிஞ்சியவரின் ரத்தம் நிறைகிறது. திசுக்களில் கொஞ்சத்தை இறக்கிவிட்டு 35 முதல் 40 மி.மீ. அழுத்தத்துடன் நுரையீரலுக்குத் திரும்புகிறது. அதற்குள் அவர் குழாயை விட்டுவிட்டால், காற்றறைகளில் அழுத்தம் 20-ஐ ஒட்டி விழுந்திருக்கும். வாயு எப்போதும் அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே செல்லும். எனவே நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குப் போக வேண்டிய ஆக்சிஜன், ரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு வந்து, அடுத்த வெளிமூச்சில் வானில் கலந்துவிடும். சேமித்து வைத்த மிடறு ஒன்றிரண்டு நிமிடங்களில் கரைந்துவிடும். 1.20-க்கு உயிர்பெற்றதாக உணர்ந்த திசாந்தியே 1.30-க்கு நினைவிழந்ததில் முரண்பாடு ஏதும் இல்லை.

அதே உயரத்தில் நடந்தவர்கள்

1978 மே 8 அன்று ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபலரும் ஆக்சிஜன் உருளை இல்லாமல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். ஜெனித் சென்றதைவிட உயரமான இடத்துக்கு, நடந்தே. இது எப்படி முடிந்தது என்பதற்கு நேரடி விடை 2007-இல் கிடைத்தது. பிரிட்டிஷ் மருத்துவக் குழு ஒன்று உச்சியிலிருந்து இறங்கும் வழியில், 8,400 மீட்டரில், நால்வரின் தொடைத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்தது. ஷெர்பா ஒருவர் அதை விரைந்து 6,400 மீட்டர் முகாமிலிருந்த ஆய்வுக்கருவிக்குக் கொண்டுபோனார். நால்வரின் சராசரி ஆக்சிஜன் அழுத்தம் 24.6 மி.மீ.; ஒருவருக்கு 19.1. மருத்துவமனையில் இந்த எண்ணைக் கண்டால் அந்த நோயாளி உணர்வோடு இருப்பார் என எந்த மருத்துவரும் எதிர்பார்க்க மாட்டார்.

அழுத்தம் ஜெனித்தின் கணக்கை ஒட்டியதே, சுமைதான் வேறு. வாரக்கணக்கில் உயரத்துக்குப் பழகிய அவர்களின் ஹீமோகுளோபின் சராசரி 19.3 கிராமாக உயர்ந்திருந்தது. நிறைவு 54 சதவீதம். ஆகவே 100 மி.லி. ரத்தத்தில் 14 மி.லி.க்கு மேல் ஆக்சிஜன் இருந்தது. பாரிஸிலிருந்து இரண்டு மணி நேரத்தில் மேலே போனவர்களுக்கு, என் மதிப்பீட்டின்படி, அதில் 8 அல்லது 9 மி.லி. இருந்திருந்தால் அதிகம். எரித்ரோபோயட்டின் என்ற சுரப்பு கூடுதல் சிவப்பணுக்களை உருவாக்க நாட்களும் வாரங்களும் ஆகும். பலூன் அந்த அவகாசத்தைத் தரவில்லை.

மூவரும் ஒரே கூடையில், ஒரே காற்றைச் சுவாசித்திருக்க, திசாந்தியே மட்டும் பிழைத்ததை எப்படி விளக்குவது? ஆக்சிஜன் குறையும்போது மூச்சு எந்த அளவு விரைவாகிறது என்பது ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுபடும். கணக்கின் எல்லாப் பக்கமும் விளிம்பில் நிற்கையில், 2 மி.மீ. வேறுபாடுகூட உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்டதாகிவிடும். மூட்டைகளை அறுத்தது சிவெல், கருவியைத் தள்ளியது குரோசே. உடலுழைப்பு செய்யும் தசை ரத்தத்தில் எஞ்சியதையும் உறிஞ்சும். இதற்கு மேல் ஊகிப்பது முறையாகாது.

பின்னர்

போல் பேர் 1878-இல் தம் ஆய்வுகளைப் பெருநூலாக வெளியிட்டபோது இந்தப் பயணத்தையும் அதில் விரிவாகப் பதிவு செய்தார். உணர்வு காட்டாததைக் காட்ட ஒரு கருவி வேண்டும் என்பதே நடைமுறையில் எஞ்சிய தேவை. ஆக்சிஜன் ஏற்ற ரத்தமும் இழந்த ரத்தமும் ஒளியை வேறுவேறாக உறிஞ்சுவதைப் பயன்படுத்தி, ஜப்பானின் தாகுவோ அவோயாகி 1974-இல் அறிவித்த துடிப்பு வழி அளவீடுதான் இன்று விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில், சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த நோயாளிகளின் விரலில் ஆக்சிஜன் நிறைவு 80 சதவீதத்துக்கும் கீழே தெரிந்தது மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. அவர்களில் பலரின் கார்பன் டை ஆக்சைடு உயராமல் இருந்ததே அந்த அமைதிக்கு ஒரு முக்கியக் காரணம்.

விமானத்தில் முகமூடி கீழே விழுந்தால் முதலில் உங்களுக்கு மாட்டிக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பும் இதே கணக்கிலிருந்து வந்ததுதான். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் நோக்கிப் பறந்த ஹீலியோஸ் விமானத்தில் காற்றழுத்தம் ஏறவில்லை, ஒலித்த எச்சரிக்கையை விமானிகள் வேறொன்றாகப் புரிந்துகொண்டு முகமூடி அணியாமல் காரணம் தேடினர், நினைவிழந்தனர். 121 பேரும் இறந்தனர்.

பலூன்களில் மற்றொரு பெரிய முயற்சி 1901 ஜூலை 31 அன்று பெர்லினில் நடந்தது. ஆர்தர் பெர்சனும் ரைன்ஹார்ட் ஸ்யூரிங்கும் எஃகு உருளைகளில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு, 10,000 மீட்டரைக் கடந்தனர். தூய ஆக்சிஜனை முழுமையாகச் சுவாசித்தால் அந்த உயரத்தில்கூட ரத்தம் கடல்மட்டத்தைப் போலவே நிறையும். ஆனால் அவர்களும் வாயில் வைத்துக்கொள்ளும் குழாயையே நம்பினர், இருவரும் மயங்கினர். நினைவு முழுதும் தப்புமுன் பெர்சன் வாயுவை வெளியேற்றும் கயிற்றை இழுத்திருந்ததால் பலூன் இறங்கியது, இருவரும் பிழைத்தனர். மயங்குபவரின் வாயிலிருந்து குழாய் நழுவும் என்பதால், அதன்பின் உயரப் பயணங்களுக்கு முகத்தோடு கட்டிவைக்கும் முகமூடி பழக்கத்துக்கு வந்தது.